மூன்றாவது பாட்டில் இருந்த சுத்தியல்

என் மகள் நாட்டின் பாதுகாப்பு ரகசியம் ஒன்றைப் பாட்டாகப் பாடி இணையத்தில் விட்டுவிட்டாள் என்று நான் பதினேழு நாள் நம்பினேன். அரைகுறைச் சந்தேகமெல்லாம் கிடையாது. நாளைக் காலை பால் வரும் என்று நம்புவோமே, அந்த அளவுக்கு நம்பினேன். அந்தப் பதினேழு நாளில் மூன்று கிலோ இளைத்தேன். என் மனைவி மட்டும், "இப்பதான் மூஞ்சி கொஞ்சம் எடுப்பா இருக்கு" என்றாள்.

நான் ஹைதராபாத் காஞ்சன்பாகில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். ஃபோர்ஜ் ஷாப். பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சுத்தியலால் அடித்து வடிவத்துக்குக் கொண்டுவருகிற இடம். ஆணி அடிக்கிற சுத்தியலை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சுத்தியல் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும், ஓர் அடி அடித்தால் உங்கள் கால் வழியாக ஏறி பல் வரைக்கும் வந்துவிட்டுப் போகும். அது என்ன அடிக்கிறது, எதற்கு அடிக்கிறது என்று கேட்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அது போதாதென்று வருடம் ஒருமுறை எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்து, கையை நீட்டச் சொல்லி உறுதிமொழி வாங்குவார்கள். இருபத்தெட்டு வருடம் கையை நீட்டியவனுக்கு மூளை ஒரு மாதிரி ஆகிவிடும். பால்காரர் "இன்னைக்கு லேட்டா சார்?" என்று கேட்டால்கூட, "ஏன் கேக்குறீங்க?" என்றுதான் எனக்கு வாயில் வரும்.

என் மனைவியின் அண்ணன் இதே ஊரில் மௌலா அலியில் இருக்கிறார். அவருக்கும் என்னைப் போலவே வெளியே சொல்லக்கூடாத வேலை. தீபாவளிக்குத் தீபாவளி சந்திக்கிறோம். அவர் வேலையை நான் கேட்கக்கூடாது, என் வேலையை அவர் கேட்கக்கூடாது. ஆகவே இருபது வருடமாக நாங்கள் இரண்டு பேரும் இட்லி மாவு புளிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தத் துறையில் இப்போது எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து டீ நான்தான் போடுவேன். குடித்துவிட்டு, சீருடை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று சட்டைப்பை, பேன்ட் பை என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே ஒப்பிப்பேன்: "ஐடி கார்டு இருக்கு, கண்ணாடி இருக்கு, டப்பா இருக்கு. பென்டிரைவ் இல்ல, கேமரா இல்ல, ஸ்மார்ட் வாட்ச் இல்ல. போன் கேட்டு வரைக்கும்." போனை கேட்டில் மர அலமாரியின் ஒரு அறையில் போட்டுவிட்டு பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மாலை டோக்கனைக் கொடுத்தால் போன் கிடைக்கும். ஸ்மார்ட் வாட்ச் என்னிடம் இருந்ததே இல்லை. இருந்தாலும் இல்லை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு நிம்மதி.

மகளுக்கு இருபத்து மூன்று வயது. ஒரே பெண். எஞ்ஜினியரிங் முடித்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தபடியே யாருடைய கம்ப்யூட்டர் கோளாறையோ போனில் சரிசெய்கிற வேலை பார்க்கிறாள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவள். தமிழ் நன்றாகப் புரியும். பதில் தெலுங்கில் வரும். கோபம் என்றால் இந்தி. ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் தமிழ்.

போன மே மாதம் அவள் தன் அறை ஜன்னலிலும் கதவிலும் எங்கள் வீட்டு ரஜாய், அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, எல்லாவற்றையும் எடுத்துத் தொங்கவிட்டாள். ஹைதராபாத்தின் மே மாதம். காக்கை நிழல் தேடி நடந்துபோகிற மாதம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "வேலைக்கு மீட்டிங், வெளிச் சத்தம் வரக்கூடாது" என்றாள். நானும் தலையாட்டினேன். பால்காரரைச் சந்தேகப்பட்டேன், ரஜாயைச் சந்தேகப்படவில்லை.

விஷயம் வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில்.

எங்கள் ஷாப்பில் கிரேன் ஓட்டுகிற நண்பர் ஒருவர் உண்டு. பழைய நகரத்து மனிதர், என்னோடு சேர்ந்தவர், எனக்கு பாய், அவருக்கு நானும் பாய். ஷிஃப்ட் முடிந்து டோக்கனைக் கொடுத்து போனை வாங்கியதும் முதல் வேலையாக எனக்கு ஏதாவது காட்டுவார். அன்றைக்கும் போனை என் காதுக்கு அருகில் கொண்டுவந்தார்.

"அரே பாய், யே சுனோ. எங்க பையன் அனுப்பினான். யாரோ ஒரு பொண்ணு ராப் பாடுது. இதுல வர்றது அப்னாச் சைரன்தானே?"

கேட்டேன். எங்கள் சைரன்தான். காலை ஷிஃப்டுக்கு ஊதுகிற சைரன். ஏறும்போது ஒரு இடத்தில் லேசாக இருமும். அந்த இருமலைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அதன் கீழே மெதுவாக ஒரு அடி விழ ஆரம்பித்தது. டும். பிறகு ஒரு சின்ன 'கிணுங்'. டும், கிணுங். டும், கிணுங்.

டீயை பெஞ்சின் மேல் வைத்தேன். அது எங்கள் சுத்தியல். அடி விழுந்ததும் பின்னால் வருகிற அந்தக் கிணுங், டை என்கிற அச்சைப் பிடித்திருக்கும் ஆப்பு தளர்ந்தால் வருகிற சத்தம். அதை இறுக்கச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

"பாய், இது..." என்று நான் ஆரம்பிக்கும்போது பாட்டில் ஒரு ஆண் குரல் வந்தது. கிணற்றுக்குள் இறக்கிவிட்டு மேலே கயிற்றால் இழுக்கிற மாதிரி கனத்த குரல். "பென்டிரைவ் இல்ல. கேமரா இல்ல. ஸ்மார்ட் வாட்ச் இல்ல." மறுபடியும். மறுபடியும். அடிக்கு அடி சரியாக விழுந்தது.

என் குரல்.

"நல்லா இருக்குல்ல? யாரோ தமிழ்ல ஏதோ சொல்றான். உங்க ஆளு" என்றார் நண்பர்.

"டீ நக்கோ பாய், வீட்டுல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு டீக்கு யார் காசு கொடுத்தார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வழியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கினேன். அவர் எனக்குப் பின்னால் வந்த லாரியைத்தான் நிறுத்தியிருந்தார். "ஏமயிந்தி சார், போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து ஜன்னல்களை மூடினேன். சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டுவிட்டேன், பேசுவது வெளியே கேட்கக்கூடாது என்று. மகளைக் கூப்பிட்டு அதன் பக்கத்தில் நிறுத்தினேன்.

"நீதானா அது?"

"எது?"

"சைரன். டும். பென்டிரைவ் இல்ல."

அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். இதை நான் இப்போதும் மறக்க முடியவில்லை. "ஹவ், நேனே! நீங்க கேட்டீங்களா? எக்கட வின்னாரு?" என்று, ஆமாம் நான்தான், எங்கே கேட்டீர்கள் என்பதை மூன்று மொழியில் கேட்டாள்.

மனைவி வந்து மிக்ஸியைப் பார்த்தாள். திருநெல்வேலிக்காரி. இங்கே வந்து இருபத்தைந்து வருடமாகியும் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. "என்னத்த அரைக்கிய? ஜார்ல ஒண்ணுமே இல்ல?"

"கொஞ்சம் சும்மா இரு. நாட்டு விஷயம்."

"நாட்டு விஷயத்த அம்மியில அரைங்க. மோட்டார் போயிரும்."

நான் மகளைப் பார்த்தேன். "சைரனை எங்க எடுத்த?"

"டெர்ரஸ் மேல. மார்னிங்."

"என் குரலை?"

"டோர் பக்கம் போன் வச்சேன். டெய்லி சேம் டைமிங் அப்பா, நீங்க. மெட்ரோனோம் மாதிரி, பீட் தப்பவே தப்பாது."

"சரி. அந்த டும்?"

"அதி..."

"சொல்லாதே!" என்று கத்தினேன். மிக்ஸியை மீறிக் கேட்டிருக்கும். "சொல்லாதே. எனக்குத் தெரிஞ்சா, கேட்கிறவங்ககிட்ட நான் சொல்லியாகணும். தெரியாத வரைக்கும்தான் தெரியாது."

இதுதான் எங்கள் ஆட்களுக்கு மட்டும் வருகிற வியாதி. வேறு எந்த அப்பனாக இருந்தாலும், "அது என்னம்மா சத்தம்?" என்று கேட்டு அரை நிமிடத்தில் விஷயத்தை முடித்திருப்பான். எனக்கோ, தெரிந்துகொள்ளத் தேவையில்லாததைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே ஒழுக்கம் என்று இருபத்தெட்டு வருடம் பழக்கியிருக்கிறார்கள். அதற்குள் என் மனது கதையை முழுசாக எழுதிவிட்டது. வருடம் ஒருமுறை குடும்பத்தாரை உள்ளே அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுவார்கள். போன முறை இவள் வந்தாள். அன்றைக்கு இவள் போட்டிருந்த ஷூவின் அடி ரொம்ப கனம். போதாதா?

"அதை எடுத்துரு" என்றேன். "இப்பவே. எல்லா இடத்துலேர்ந்தும்."

"அப்பா, ப்ளீஸ். அந்தப் பாட்டு மட்டும் வேணாம். வேற ரெண்டு இருக்கு, அதுங்களை எடுத்துடறேன். இது மட்டும் இருக்கட்டும்." எல்லாம் தமிழில் சொன்னாள். நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"எனக்கு வேலை போகும். பென்ஷன் போகும். உள்ளே வைப்பாங்க."

அவள் என் முன்னாலேயே போனை எடுத்து, கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினாள். "அயிப்போயிந்தி" என்று சொல்லிவிட்டு ரஜாயை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். முடிந்தது. மனைவி மிக்ஸியை நிறுத்தினாள்.

மறுநாள்தான் மீதி விஷயத்தை மனைவி சொன்னாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. ஊரில் இப்படி ராப் பாடுகிற பிள்ளைகள் கூடிப் பாடுகிற ஒரு கஃபே இருக்கிறதாம். அங்கே நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் இவளை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. கூப்பிட்டது அந்த ஒரு பாட்டுக்காகத்தான். அதைப் பாடுவதாக இருந்தால் வரலாம், முந்தின நாள் சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"அந்த டும்மை எடுத்துட்டுப் பாடட்டுமே" என்றேன்.

"நானும் கேட்டேன். அது இல்லைன்னா பாட்டே இல்லங்கா. ரசத்துல புளிய எடுத்துட்டு ஊத்துன்னா எப்படின்னு கேக்கா." வெங்காயத்தினாலா வேறெதனாலா தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வருசமா உள்ள பூட்டிக்கிட்டு என்னமோ செஞ்சா. எனக்குத் தெரியும். ஒங்ககிட்ட சொன்னா நீங்க எழுதி வாங்குவியன்னுதான் சொல்லல."

பாட்டு இணையத்திலிருந்து போய்விட்டதே தவிர ஊரிலிருந்து போகவில்லை. கிரேன் நண்பரிடம் ஒரு பிரதி இருந்தது. "எனக்கு அனுப்பு பாய்" என்றேன், வெறும் ஆர்வக்காரன் மாதிரி. சாட்சியம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? குவார்ட்டர்ஸின் ஸ்கூட்டர் ஷெட்டில், மாலை ஐந்து மணிக்கு, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து கேட்டேன். முதல் நாள் டும்களை எண்ணினேன். இரண்டாம் நாள் சைரன் எத்தனை முறை என்று எண்ணினேன். மூன்றாம் நாள் எண்ண எதுவும் மீதி இல்லை, ஆனாலும் ஷெட்டுக்குப் போனேன்.

அவளுடைய மற்ற இரண்டு பாட்டும் நெட்டில் இருந்தன. அவற்றையும் கேட்டேன். முதல் பாட்டு முழுக்க ஆங்கிலம். அவள் போயே இராத ஒரு நாட்டுக்காரர்களின் மூக்கை இரவல் வாங்கிப் பாடியிருந்தாள். எதிரிகள் அவளைப் பார்த்து நடுங்குவதாக வந்தது. எனக்குத் தெரிந்து அவளுக்கு இருக்கும் ஒரே எதிரி கரப்பான்பூச்சி. இரண்டாவது பாட்டில் ஊர் பாஷைக்கு வந்துவிட்டாள். வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு, எல்லாம் ஜோராக விழுந்தது, ஆனால் அதில் கும்பல் சண்டை, சைக்கிள் செயின். சந்தோஷ் நகர் சாலையைக் குறுக்கே கடக்க இன்னமும் என் சட்டையைப் பிடித்துக்கொள்கிற பெண் பாடுகிற பாட்டா அது? சிரித்தேன். ஷெட்டில் ஸ்கூட்டர் எடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டர் எடுக்காமலே திரும்பிப் போனார்.

மூன்றாவதில்தான் அவள் குரல் தரையில் இறங்கியிருந்தது. யாருடைய மூக்கும் இல்லை. வீட்டில் பேசுவது போலவே மூன்று மொழியும் கலந்து, அவசரமே படாமல், அந்த டும்முக்கு ஒரு நூலிழை பின்னால் வார்த்தையை வைத்தாள். நாலு தடவை கேட்ட பிறகுதான் அது தாமதமில்லை, வேண்டுமென்றே செய்வது என்று எனக்கு உறைத்தது. எங்கள் ஷாப்பில் நல்ல ஆபரேட்டர் அப்படித்தான், இரும்பு ஒரு மூச்சு விட்டதும் அடிப்பான். தமிழில் வந்த வரிகள் இவை:

*போன் நக்கோ, கேமரா நக்கோ, கேட்டுல எல்லாம் நக்கோ,*
*உள்ள என்ன வேலைன்னு கேட்டா வீட்டுலயும் சொல்ல நக்கோ.*
*அப்பா என்ன செய்றார்னு எனக்குத் தெரியாது,*
*ஷூவுல ஒட்டி வர்ற கருப்புத் தூள் மட்டும் தெரியும்.*
*தீக்கு முன்னால நாள் பூரா நிக்கிற மனுஷன்*
*டீ சுடுதுன்னு அரை மணி ஊதறார்.*

அந்தக் கடைசி வரியில் நான் டயரை விட்டு எழுந்தேன். பிறகு மறுபடி உட்கார்ந்தேன். இருபத்து மூன்று வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை அவளிடம் சொன்னதில்லை. "ஆபீஸ்ல என்னப்பா?" என்று சின்ன வயதில் கேட்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். அது விதி. அந்த 'ஒண்ணுமில்ல'வைச் சுற்றித்தான் அவள் ஒரு வருடமாக ரஜாய்க்குள் வெந்து இந்தப் பாட்டைக் கட்டியிருக்கிறாள். அதை நான் இரண்டு கட்டைவிரல் அழுத்தலில் எடுக்க வைத்துவிட்டேன்.

நாட்டுக்கு உண்மையாக இருக்க வேண்டும், பாட்டும் திரும்ப வர வேண்டும். இப்படி ஒரு சிக்கல் வந்தால் வேறு ஊர்க்காரன் வக்கீலைப் பார்ப்பான். நான் மனு எழுதினேன். உரிய வழியாக, பாதுகாப்பு அதிகாரிக்கு. ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம்: "பொருள்: மகளின் ராப் பாட்டில் தொழிற்சாலைச் சத்தம் இடம்பெற்றது தொடர்பாக. கீழே கையெழுத்திட்டுள்ள நான் பணிவுடன் தெரிவிப்பது என்னவென்றால், மேற்படி பாட்டில் சைரன் நான்கு முறையும் ஃபோர்ஜ் சுத்தியலின் சத்தம் நூற்று அறுபது முறையும் என் குரல் பன்னிரண்டு முறையும் வருகின்றன. குற்றம் இருந்தால் முழுப் பொறுப்பும் என்னுடையது. குற்றம் இல்லை என்று கருதினால், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கிரேன் நண்பர் படித்துவிட்டு மனுவை மடித்து என் சட்டைப்பையிலேயே திருப்பி வைத்தார். "அந்தப் பொண்ணு உங்க பொண்ணா?" என்றார் முதலில். பிறகு, "யாரும் கேக்கல. யாருக்கும் தெரியாது. நீயே போய் ஒப்புக்குறியா? பாகல் ஹோ கயா கியா பாய்?"

"தெரிஞ்ச பிறகு சொல்லாம இருக்க முடியாது பாய்."

"முதல்ல அது சுத்தியல்தானான்னு பொண்ணைக் கேட்டியா?"

"கேக்கக்கூடாது."

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

உரிய வழி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மனு முதலில் ஷாப் இன்சார்ஜிடம் போக வேண்டும். அவர் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிற தெலுங்குக்காரர், எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் பயப்படுகிறவர். "ஏன்ட்டண்டி இதி?" என்று கேட்டுவிட்டு, பாட்டைக் கேட்காமல் நான் எப்படிக் குறிப்பு எழுதுவது என்றார். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நின்று கேட்டார். அடுத்து பர்சனல் பிரிவு. அங்கே ஃபைல் போட்ட அம்மாள் கேட்டார். அவர் மேலதிகாரி கேட்டார். ஒவ்வொருவரும் கேட்டது குறிப்பு எழுதத்தான், ஆனால் இரண்டு நாளில் கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர் என் தட்டைப் பார்த்து, "டீ ஆறிடுச்சா சார்? ஊதிட்டீங்களா?" என்று கேட்டார். நாட்டின் ரகசியம் பரவாமல் தடுக்கத்தான் மனு எழுதினேன். தொழிற்சாலையில் அந்தப் பாட்டைக் கேட்காதவர் என்று அப்புறம் மிஞ்சியது உலை மட்டும்தான்.

வீட்டில் நான் மனு எழுதியதைச் சொல்லவில்லை. இன்ஷூரன்ஸ் காகிதம் எந்த பீரோவில் இருக்கிறது என்று மட்டும் மனைவிக்குக் காட்டினேன். "எங்க போறிய?" என்றாள். "எங்கேயும் இல்ல." "அப்ப எதுக்கு ரெண்டு லுங்கிய மடிச்சி பைல வச்சிருக்கிய?" மகள் என்னோடு தெலுங்கில்கூடப் பேசவில்லை. காலையில் நான் வாசலில் நின்று பையைத் தட்டி ஒப்பிக்கும்போது அவள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. பென்டிரைவ் இல்ல என்று சொல்வதற்கே கூச்சமாக இருந்தது, மேடையில் வரி மறந்தவன் மாதிரி.

பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை. இன்னும் ஒரு நாள்தான். பகல் மூன்று மணிக்கு பாதுகாப்பு அதிகாரி கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. ராணுவத்திலிருந்து வந்தவர். மீசை அவருக்கு முன்னால் அறைக்குள் நுழையும். என் மனுவை மேஜையில் வைத்துக்கொண்டு, "பாட்டு எங்கே?" என்றார் இந்தியில்.

"போன்ல இருக்கு சார். போன் கேட்ல."

அவரது அறைக்கும் அதே விதிதான். அதிகாரியே ஆனாலும் உள்ளே போன் வராது. ஆகவே நாங்கள் ஊர்வலமாக கேட்டுக்குப் போனோம்: முன்னால் மீசை, பின்னால் நான், என் பின்னால் இன்சார்ஜ், அவர் பின்னால் அழைக்காமலே வந்த கிரேன் நண்பர். டோக்கனைக் கொடுத்து போனை வாங்கினேன். மர அறைகளின் முன்னால், காவலர்கள் மூன்று பேர் சுற்றி நிற்க, பாட்டைப் போட்டேன். அவசரத்தில் முதலில் மனைவி அனுப்பிய பெருங்காய விளம்பரம் ஓடியது.

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, "மறுபடி" என்றார். இரண்டாம் முறை அவர் பூட்ஸ் முனை தரையில் டும்முக்குத் தட்டியது. அது கோபமா தாளமா என்று தெரியாமல் எனக்கு வியர்த்தது.

"சைரன்" என்றார். "அது சந்திராயன்குட்டா வரைக்கும் கேட்கிறது. குழந்தைகள் அதைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறார்கள். ரகசியமாக ஊதுகிற சைரனை நான் பார்த்ததில்லை. உன் குரல் சொல்வதெல்லாம் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. அதற்கு நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். மீதி இந்த அடி. இது எங்கே பதிவு செய்தது?"

"தெரியாது சார்."

"கேட்டாயா?"

"கேட்கக்கூடாது என்று..."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இருபத்தெட்டு வருட சர்வீஸும் கண் முன்னால் ஓடியது. "போன் போடு. ஸ்பீக்கரில்."

போட்டேன். நான்கு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள். "செப்பண்டி" என்றாள், சொல்லுங்கள் என்று யாரோ வாடிக்கையாளரிடம் கேட்கிற குரலில். என்னோடு அவள் பேசிய முதல் வார்த்தை, பதினேழு நாளில்.

"பேட்டீ," என்றார் அதிகாரி, "நான் உன் அப்பாவின் தொழிற்சாலையிலிருந்து, செக்யூரிட்டி ஆபீசர் பேசுகிறேன்."

அந்தப் பக்கம் தமிழில் கேட்டது: "அப்பா? அப்பாவுக்கு என்ன ஆச்சு? பாட்டை அன்னைக்கே எடுத்துட்டேன். அவர் ஒண்ணும் செய்யல. எல்லாம் நான்தான் செஞ்சேன்."

நான் மர அறைகளைப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதியிருந்தது. அவற்றை வரிசையாகப் படித்தேன்.

"உன் அப்பா நலம்" என்றார் அதிகாரி. "தன்னைத் தானே பிடித்துக் கொடுத்திருக்கிறார், நாங்கள் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு ஒரே கேள்வி. பாட்டில் வருகிற அந்த டும், கிணுங். அது என்ன?"

இந்தியில் மிகத் தெளிவாகச் சொன்னாள். "அத்ரக், சார்."

இன்சார்ஜ் என்னைப் பார்த்தார். நான் கிரேன் நண்பரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அத்ரக் என்றால் இஞ்சி.

ஆட்சேபணை இல்லை என்று அதிகாரி அங்கேயே மனுவின் மேல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே பாட்டு திரும்ப ஏறியது. அதில் சுத்தியல் எதுவும் இல்லை. தினமும் காலை ஐந்தரைக்கு டீக்காகச் சமையலறையில் சின்ன இரும்பு உரலில் நான் இஞ்சி இடிக்கிறேன், குழவி விளிம்பில் படும்போது கிணுங் என்கிறது. அதை அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதிவு செய்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கஃபேயில் பாடினாள். நாங்கள் இரண்டு பேரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.